ஓசூர் எல்லைப்புறத்துக் களி: பெயரும் பெருமையும்

தமிழகத்தின் தென்பகுதிகளில் 'அவன் களி தின்னப் போகிறான்' என்று ஒருவர் கூறின், குறிக்கப்பட்டவன் சிறை புகும் நிலையில் உள்ளான் என்பதே கேட்போர் கொள்ளும் பொருளாகும். அதே தொடரைத் தளி, கெலமங்கலம், அஞ்செட்டி முதலிய ஊர்களில் கூறினால், அவன் வேளை உணவுக்குச் செல்கின்றான் என்பதற்கு மேல் வேறு பொருள் தோன்றாது. மொழி ஒன்று, சொல் ஒன்று, உணவும் ஒன்று. எனினும் ஓரிடத்தில் இழிவாகவும் மற்றோரிடத்தில் இயல்பாகவும் அது நிற்கின்றது. இவ்வேறுபாடு எங்ஙனம் எழுந்தது என்பதை ஆராய்தலே யாம் ஈண்டு மேற்கொண்ட பணி.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1971ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் தொழில் முன்னேற்றத்திற்கெனச் சிப்காட் நிறுவனம் தோன்றியபின், ஓசூரில் தொழிற்பேட்டைகள் எழுந்தன. சரக்குந்து, இருசக்கர வண்டி, கைக்கடிகாரம் முதலியவற்றை ஆக்கும் பெருந்தொழிற்சாலைகளை நாடித் தென்மாவட்டங்களிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் மக்கள் குடியேறினர். அவர்கள் முதன்முறை களி உருண்டையைக் காணுங்கால் நிகழ்வது பெரும்பாலும் ஒரே தன்மைத்து. செம்பழுப்பு நிறமுடைய, ஆவி பறக்கும் உருண்டை இலையில் வந்து அமர்கின்றது. சோற்றைப் போல அதனைப் பிசைய முயல்வர், இயலாது. பின்னர் ஒரு துண்டை வாயிலிட்டு மெல்லத் தொடங்குவர். அது பல்லிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும். அருகிருப்பவர் நகைத்து, 'மெல்லாதீர், விழுங்குக' என்பர். நகைப்பு இருபாலும் சமமாக நின்றால் தீங்கில்லை. ஆனால் வந்தவரின் நகைப்பு நாளடைவில் உள்ளூராரின் நாணமாக மாறுதல் உண்டு. விருந்தினர் வந்த நாளில் களியை மறைத்துச் சோறு வடிக்கும் வழக்கம் அந்நாணத்தின் வெளிப்பாடேயாகும். அந்நாணத்திற்கு வரலாற்றில் அடிப்படை உண்டா என்பதே எம் வினா.

முதற்கண் நிலத்தை நோக்குவோம். ஓசூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் உள்ளது. இயற்கையமைப்பில் அது மைசூர் மேட்டுநிலத்தின் ஒரு பகுதியே. கிருட்டிணகிரியோ அம்மேட்டிலிருந்து இறங்கியவுடன் கணவாயின் கீழ் அமைந்தது. பழைய சேலம் மாவட்டத்தை ஆட்சியாளர் தாலாகாட்டு, பாரமகால், பாலாகாட்டு என மூன்றாகப் பகுத்தனர். மலைக்கு மேற்பட்டதாகிய பாலாகாட்டே ஓசூர்ப் பகுதி. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாரமகால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியாரின் கைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதியோ அவர் வீழ்ச்சிக்குப் பின், 1799இல்தான் வந்தது. 1965இல் தருமபுரி மாவட்டமும், 2004இல் கிருட்டிணகிரி மாவட்டமும் பிரிந்தன. இடையில் 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் மிகுந்த இப்பகுதி சென்னை மாநிலத்திலேயே நின்றது. ஆள்வோர் வரைந்த கோடுகள் இங்ஙனம் பலமுறை மாறின. மானாவாரிச் செம்மண்ணும் அதில் விளைந்த கேழ்வரகும் மாறவில்லை. 1800ஆம் ஆண்டில் மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்து, 1807இல் மூன்று தொகுதிகளாகத் தம் பயணநூலை வெளியிட்ட பிரான்சிசு புக்கானன், அந்நாட்டுப் புன்செய்ப் பயிர்களுள் கேழ்வரகுக்கே முதலிடம் தந்து எழுதினார். லெ பானு இயற்றிய சேலம் மாவட்டக் கையேடும் (1883), ரிச்சர்ட்சு தொகுத்த கெசட்டியரும் (1918) இப்பகுதியின் கேழ்வரகைப் பற்றிப் பேசாமல் விடவில்லை.

இனி, பெயர்களை ஆராய்வோம். கேழ்வரகு என்னும் சொல்லில் 'கேழ்' என்பது நிறம், ஒளி எனப் பொருள்படும் பழஞ்சொல். நிறமுடைய வரகு என்பதே பெயரின் கருத்து. முன்னரே அறிந்திருந்த வரகோடு ஒப்பிட்டு, நிறத்தால் வேறுபடுத்திப் பெயரிட்டனர் என்பது தெளிவு. பின்வந்த தானியத்திற்கே இங்ஙனம் அடைகொடுத்துப் பெயரிடுதல் மொழியின் இயல்பு. மதுரைப் பகுதியில் கேப்பை என்பர். ஆரியம் எனவும் இதற்கு ஒரு பெயர் உண்டு. தெலுங்கில் 'ராகி' என்பது இத்தானியத்தையும் குறிக்கும், செம்பையும் குறிக்கும். சிவப்பைச் சுட்டும் வடமொழி 'ராகம்' என்பதிலிருந்து இது வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், தமிழும் தெலுங்கும் ஒரு தானியத்தை அதன் நிறங்கொண்டே அடையாளங் கண்டன என்பது கருதத்தக்கது. இதன் தாயகம் ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியா முதல் உகாண்டா வரையுள்ள மேட்டுநிலம் என்பது தாவரவியலார் துணிபு. அது நம் நாட்டிற்கு எக்காலத்தில் வந்தது என்பதில் அவர்களிடையே ஒருமைப்பாடில்லை. கருநாடகத்து அல்லூர் அகழ்வில் கிடைத்த தானியமணிகள் கேழ்வரகே எனச் சிலர் முதலில் கூற, பின்வந்தோர் ஐயுற்றனர். உகாண்டா நாட்டார் இன்றும் இதே மாவைக் கொதிநீரில் கிண்டிக் கட்டியாக்கிக் குழம்பில் தோய்த்து உண்கின்றனர். அதனைக் 'கலோ' என்கின்றனர். இவ்வொலியைக் கேட்டவுடன் நம் 'களி'யோடு இணைக்கும் ஆசை எழுதல் இயல்பே. ஒலியொப்புமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு கடல்கடந்த உறவு கூறுதல் ஆராய்ச்சி முறை அன்று. களி என்பது களிமண், களிம்பு முதலிய சொற்களோடு சேர்ந்து, குழைந்த பொருளைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லாதல் வெளிப்படை.

கன்னடர் இவ்வுணவை 'முத்தெ' என்பர். உருண்டை என்பது பொருள். 'இட்டு' என்றும் கூறுவர். அது மாவைக் குறிப்பது. தெலுங்கர் 'சங்கடி' என்பர். தமிழர் குழைவை நோக்கினர். கன்னடர் வடிவை நோக்கினர். ஓசூர்த் தமிழில் 'களி உருண்டை' என இரண்டும் சேர்ந்தே வழங்குதல் எல்லைப்புறத்தின் இயல்பைக் காட்டும்.

ஆக்கும் முறையிலும் இவ்வெல்லை புலப்படுகின்றது. பெங்களூர், மண்டியா பக்கத்தில் நீரும் மாவும் உப்புமே போதும். இராயலசீமைப் பக்கத்தில் அரிசியை முதலில் குழைய வேகவிட்டு, அதன்மேல் மாவைக் கொட்டுவர். கிருட்டிணகிரி, தருமபுரிப் பக்கத்தில் அரிசி நொய்யைச் சேர்ப்பாரும் உளர், சேர்க்காதாரும் உளர்; ஒரே தெருவில் இருவகையும் காணலாம். நீர் கொதித்தவுடன் மாவை நடுவில் குன்றுபோலக் கொட்டி, கிண்டாமல் சிறிது நேரம் வேகவிடுதலே இதன் நுட்பம். விரைந்து கிண்டினால் உள்ளே பச்சைமாவு கட்டியாக நின்றுவிடும். வெந்தபின் பானையைக் கால்களுக்கிடையே கவைக்கோலால் அழுத்திப் பிடித்து, நீண்ட மரக்கோலால் சுழற்றிக் கிண்டுவர். அது வலிய கையினர் செய்யும் வேலை. ஈரக்கையால் உருட்டி எடுத்த களி, விரலில் ஒட்டாதிருத்தலே நன்கு வெந்தமைக்கு அடையாளம். கோதுமையில் உள்ள பசைப்பொருள் கேழ்வரகில் இல்லை. ஆதலின் அதனை மென்றால் மாவு சிதறிப் பல்லில் அப்பிக்கொள்ளும். சிறு துண்டாகக் கிள்ளிக் குழம்பில் புரட்டினால் அதன் புறம் வழுவழுப்பாகித் தொண்டையில் இறங்கும். விழுங்குக என்பது வேடிக்கையன்று, பொருளின் தன்மை அறிந்து சொல்லிய முறையே. எஞ்சிய களியை இரவில் நீரிலிட்டு, காலையில் மோர்விட்டுக் கரைத்துக் கூழாகக் குடிப்பர்.

களியைத் தனித்து எண்ணுதல் பிழையாகும். அதனை விழுங்கச் செய்யும் குழம்போடு சேர்த்தே எண்ண வேண்டும். அக்குழம்பும் அதே வயலில் விளைந்தது. கேழ்வரகுச் சாலுக்கிடையே அவரை, துவரை, கடுகு, ஆமணக்கு முதலியவற்றை ஊடுபயிராக விதைத்தல் பழைய வழக்கம். கருநாடகத்தார் இதனை 'அக்கடிசாலு' என்பர். தானியத்தை அறுத்தபின் அவரை நின்று, மார்கழி தைப் பனியில் காய்க்கும். அக்காயின் தோலில் படியும் எண்ணெய்ப் பசையையும் அதன் மணத்தையும் கன்னடர் 'சொகடு' என்று சிறப்பித்துக் கூறுவர். இதற்கு நேரான ஒரு தமிழ்ச்சொல்லை யாம் அறியோம். அவரைக்கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, இரு விரலால் அழுத்தித் தோலை நீக்கி எடுப்பது பிதுக்குப் பருப்பு. அதனைக் கன்னடத்தில் 'ஹிதுகித பேளெ' என்பர். வெளியூரார் இவற்றை இருவேறு உணவென எண்ணுவர். தமிழின் சொன்முதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாதல் மொழிநூலார் அறிந்ததே. பால் 'ஹாலு' ஆயிற்று. புலி 'ஹுலி' ஆயிற்று. பிதுக்குதல் 'ஹிதுகு' ஆயிற்று. ஓசூர் என்னும் பெயரே கன்னட 'ஹொச ஊரு', அதாவது புதிய ஊர். அதன் பழைய வடிவாகிய 'பொச' என்பது நம் 'புது' என்பதனோடு உறவுடையது. மொழிநூல் மாணவர் ஒருவர் ஓசூர்ச் சந்தையில் அரை நாள் நின்றால், வகுப்பறையில் ஒரு பருவம் கற்பதை நேரிற் காணலாம் என்பது எம் கருத்து.

கேழ்வரகின் பெருமையைப் பாடிய கன்னட நூல் ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. 16ஆம் நூற்றாண்டினராகிய கனகதாசர் இயற்றிய 'இராமதானிய சரிதை' என்பது அது. இராவணனை வென்று மீளும் இராமன் முன், தானியங்களுள் சிறந்தது எது என்னும் வழக்கு எழுகின்றது. நெல் தன் குலப்பெருமையைக் கூறிக் கேழ்வரகைப் பழிக்கின்றது. கேழ்வரகோ, செல்வரையே நாடும் நெல்லினும், மழை பொய்த்த காலத்தில் எளியோரைக் காக்கும் தானே உயர்ந்தது என வழக்காடுகின்றது. இராமன் தீர்ப்பை உடனே கூறவில்லை. இரண்டையும் ஆறு திங்கள் சிறையில் இடுகின்றான். காலம் கழிந்து வெளிக்கொணர்ந்தபோது நெல் நலிந்து கெட்டிருந்தது. கேழ்வரகு உரம் குன்றாதிருந்தது. இராகவன் தன் பெயரையே அதற்குச் சூட்டினான் என்று கதை முடிகின்றது. பெயர்க்காரணம் புலவர் கற்பனையே. அதனைச் சொற்பிறப்பாகக் கொள்ளுதல் கூடாது. ஆனால் கதையின் கரு உழவர் அறிந்த உண்மை. நெல்லைப் பூச்சி அரிக்கும். சிறுமணியாகிய கேழ்வரகோ நிலத்தடிக் குழிகளிலும் குதிர்களிலும் பல்லாண்டு கெடாமல் கிடக்கும். கன்னடர் அக்குழியை 'ஹகேவு' என்பர். ஒரு குடியானவனின் குழியில் கேழ்வரகு உள்ளவரை, மழை பொய்த்த ஆண்டும் அவனுக்கு ஓர் ஆண்டே, முடிவன்று.

இக்கதையில் சிறையே கேழ்வரகின் மாண்பை நிறுவும் இடமாதல் காண்க. வரலாற்றில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணச் சிறைகளின் உணவை வரையறுத்தபோது, விலை குறைந்ததும் உழைப்பாளருக்குப் பழகியதுமாகிய கேழ்வரகு முதன்மை இடம் பெற்றது. 1863இல் கார்னிசு என்னும் மருத்துவர், மாகாண மக்களின் உணவையும் சிறைக்கைதிகளின் உணவையும் ஒருங்கே ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். இவரே பின்னர், 1876-78 பெரும்பஞ்சத்தில் மாகாண நலவழி ஆணையராக இருந்தார். 1877இன் தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள், துயர்நீக்கப் பணியில் உழைப்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என விதித்தபோது, அது உயிர் தாங்கப் போதாது என்று வெளிப்படையாக எதிர்த்தவரும் இவரே. சேலம் மாவட்டம் அப்பஞ்சத்தில் பெரிதும் அழிந்த மாவட்டங்களுள் ஒன்று. மக்கள் உண்ணும் உணவை அளந்தறிந்த ஒருவர், அதன் அளவு குறைக்கப்பட்டபோது வாளாவிருக்க இயலவில்லை என யாம் கருதுகின்றோம்.

சிறையில் கேழ்வரகு இட்டது தண்டனைக்காக அன்று, செலவு கருதியே. ஆனால் சோறுண்ட தென்னாட்டவன் சிறை புகுந்து களி உண்டபோது, அவனுக்கு அது இழந்த சோற்றின் நினைவாயிற்று. அவன் வாய்மொழியே ஊரெங்கும் பரவிப் பழிச்சொல்லாயிற்று. ஓசூர்க் குடியானவன் ஒருவன் சிறை சென்றிருப்பின், அங்கு அவனுக்கு வீட்டு உணவே கிடைத்திருக்கும்! பழிச்சொல் எங்குப் பிறந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. இன்றைய ஆய்வு காட்டும் கணக்கும் இழிவுக்கு இடந்தரவில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணச்சத்து ஏறத்தாழ 340 மில்லிகிராம். தீட்டிய அரிசியிலோ அது 10 மில்லிகிராம் அளவினதே.

சோறு உயர்வும் களி தாழ்வும் ஆனதற்குச் சிறை ஒன்றே காரணமன்று. தென்பெண்ணையின் குறுக்கே கிருட்டிணகிரி அணை 1950களில் எழுந்தது. அதன் பாசனத்தில் நெல் விளைந்தது. 1967இல் படியரிசி ரூபாய்க்கு ஒன்று என்னும் வாக்குறுதி தேர்தலில் பேரிடம் பெற்றது. 2008இல் நியாயவிலைக் கடையில் அரிசி கிலோ ஒரு ரூபாயாயிற்று; 2011இல் விலையின்றியே வழங்கப்பட்டது. பசி தீர்த்த இத்திட்டங்களைக் குறைகூற யாம் முற்படவில்லை. ஆயின், அரசு கையில் எடுத்துக் கொடுத்தது அரிசி ஒன்றே ஆதலின், விலைகொடுத்து வாங்கவோ உழுது விளைவிக்கவோ வேண்டிய கேழ்வரகு பின்தள்ளப்பட்டது. நகரம் பெருகப் பெருக, புன்செய் நிலங்கள் மனைகளாகவும் உரோசாத் தோட்டங்களாகவும் மாவடிகளாகவும் மாறின.

களியைப் பற்றிய மற்றொரு பழியையும் ஈண்டு நீக்குதல் தகும். 'கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே' என்னும் பழமொழியைத் தமிழர் யாவரும் அறிவர். நடவாததற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது இது. பாலாகாட்டில் இது நாள்தோறும் நடப்பது. சூடான உருண்டையின் நடுவில் கட்டைவிரலால் குழி செய்து, அதில் நெய் வார்த்துப் பெரியோருக்கு இடுவர். நெய் வடியத்தான் செய்யும். பழமொழி பிறந்த நாட்டில் எருமையும் கேழ்வரகும் ஒரே முற்றத்தில் இருந்தில போலும்.

இன்னுணவுகளுள் ஒப்பட்டு ஒன்றைப் பற்றி மட்டும் கூறுவோம். யுகாதி நாளில் இப்பகுதி இல்லங்களில் இது தவறாது இடம்பெறும். தமிழர் போளி என்பதும், கன்னடர் ஒப்பட்டு, ஹோளிகெ என்பதும், தெலுங்கர் பொப்பட்டு என்பதும் இதுவே. வெல்லமும் வெந்த பருப்பும் அரைத்த பூரணத்தை, எண்ணெயில் ஊறிய மெல்லிய மாவினுள் பொதிந்து தட்டிச் சுடுவர். வெளியூராரை வியப்பில் ஆழ்த்துவது இவ்வினிப்பு அன்று. இதனோடு வரும் சாறு. பருப்பு வெந்த நீரை வடித்தெடுத்து, அதில் சிறிது பூரணத்தையும் கரைத்து, புளியும் மிளகும் கூட்டி ஒப்பட்டுச் சாறு வைப்பர். இனிப்பும் புளிப்பும் காரமும் ஒரே பானையிலிருந்து பிறக்கின்றன. இனிப்பின் எச்சத்தைச் சோற்றுக்குக் குழம்பாக்குதல் முறையோ என மருள்வோர் உளர். மறுநாள் அது மேலும் சுவைக்கும் என்று ஊரார் அவர்க்கு விடை கூறுவர். கடும்புன்செய் நாட்டில் பருப்பு வெந்த நீரை ஒருவரும் கொட்டுவதில்லை.

2023ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டே தமிழக அரசு, நீலமலை, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. அதற்கெனக் கிருட்டிணகிரி, தருமபுரி உழவரிடமிருந்து தானியம் நேரே கொள்முதல் செய்யப்பட்டது. கிருட்டிணகிரியை அடுத்த பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் 'பையூர் 1', 'பையூர் 2' எனக் கேழ்வரகு வகைகளை முன்னரே வெளியிட்டிருந்தது. ஒருகாலத்தில் அரிசி வந்த கடைவழியே கேழ்வரகு திரும்பி வருகின்றது. நீலமலைப் படகர் இதனை 'இட்டு' என்று அறிந்தவர். ஆதலின் அவர்க்கு இது புதிதன்று. ஆனால் கடையில் கிடைப்பது மணி, களி அன்று. அதனை அரைக்கும் எந்திரமும், நீர் கொதிக்கும் பதமறிந்த கண்ணும், கிண்டும் கோலும் வீட்டில் இருத்தல் வேண்டும். ஓசூரின் புதுக்குடியிருப்புகளில் அக்கோல் எத்தனை அடுக்களைகளில் எஞ்சியுள்ளது, அதன் பெயர் மும்மொழியில் எவ்வெவ்வாறு வழங்குகின்றது என்பவற்றை, அறிந்த மூதாட்டியர் உள்ளபோதே நம் துறை மாணவர் சென்று வினவிக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.